மகளுக்கு மாற்றல் கேட்டு மச்சானுக்கு எழுதியது

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை சௌக்கியம், மகள் சௌக்கியம், என் ரத்த அழுத்தம் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. அங்கே எல்லாரும், உங்கள் வீட்டம்மாவின் முழங்கால் உள்பட, நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் தலைமை அலுவலகத்தில் இருப்பதால், என் மகளைப் பதிவேட்டு அறைக்கு மாற்றித் தர முடியுமா என்று போன மாதம் கேட்டேன். காரணங்களை எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம் என்றீர்கள். இதோ அனுப்புகிறேன்.

முதல் காரணம் உங்களுக்கே தெரியும். நன்னடத்தை அதிகாரி என்றால் ஏதோ பள்ளிக்கூடத்தில் ஒழுக்கம் சொல்லித்தருகிற வேலை என்று நினைத்துத்தான் நான் தெருவெல்லாம் பெருமையடித்தேன். சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே வருகிறவர்களைக் கண்காணிக்கிற வேலை என்றும், அதிலும் மிக ஆபத்தானவர்கள் என்று முத்திரை குத்திய கோப்புகளெல்லாம் இவள் மேஜைக்கே வருகின்றன என்றும் பிறகுதான் தெரிந்தது. முப்பத்தோரு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஆபத்தை எடைபோட்டவன் நான். ஆபத்து என்று தெரிந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இவள் ஆபத்து என்று தெரிந்தால்தான் போய்க் கதவைத் தட்டுகிறாள்.

இரண்டாவது, வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆனால் வேலையில் கற்றதை வீட்டில் காட்டுவாள். டாக்டர் வேண்டாமென்ற பிஸ்கட்டை நான் ஒருநாள் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டவில்லை, கத்தவில்லை, எதிரே உட்கார்ந்து அரை நிமிஷம் சும்மா பார்த்தாள், அவ்வளவுதான். எத்தனை தின்றேன், டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது, அதற்கு முந்தின வாரம் எத்தனை தின்றேன் என்பது வரை நானே ஒப்பித்துவிட்டேன். உங்கள் தங்கை இருபத்தெட்டு வருஷம் கத்தியும் நடக்காத காரியம் இது.

இப்படி அவள் வாயிலிருந்து ஒன்றும் வராததால், நானே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். தொப்பி ஒன்று, பழைய மூக்குக்கண்ணாடி ஒன்று, மறைந்துகொள்ளச் செய்தித்தாள் ஒன்று. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை நாலு நாள் அவள் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனேன். யாருக்கும் சந்தேகம் வராதபடிதான் போனேன் மச்சான், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனாள். அங்கே இருப்பவருக்குச் சம்மட்டி என்று பெயர், அதாவது தெருவில் வைத்த பெயர். ஒருவரை அடித்துப்போட்டு எட்டு வருஷம் உள்ளே இருந்தவர் என்று கீழே சலவைக் கடைக்காரர் சொன்னார். இருந்தாலும் பெற்ற மனம், மெல்ல மாடிப்படி வரைக்கும் ஏறிவிட்டேன். கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தாள், அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

"இது யாரோட ஷூ?"

"என்னோடதுதான் மேடம்."

"உங்க கால் பத்தாம் நம்பர். இது எட்டு."

அப்புறம் அந்த அரை நிமிஷ மௌனம். படியில் நின்ற எனக்கே எதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்போல் இருந்தது! கடைசியில் அந்த ஆள், பழைய கூட்டாளி ஒருத்தன் வந்து இரண்டு நாள் தங்கியதைச் சொல்லிவிட்டார். அவனோடு சேரக்கூடாது என்பது நிபந்தனையாம்.

"இப்பவே, என் முன்னாடி போன் போட்டு இனிமே வரக்கூடாதுன்னு சொல்லுங்க."

சொன்னார். பிறகு சின்னக் குரலில், "இதை எழுதாம விட்டுடக் கூடாதா மேடம்?" என்றார்.

"எழுதுவேன். நீங்க மறைச்சதையும் எழுதுவேன், அப்புறம் உண்மையைச் சொன்னதையும் எழுதுவேன். ரெண்டும் நடந்ததுதானே?"

மச்சான், என் மகள் அவரை 'நீங்க' என்றாள். நான் மனசுக்குள் அவன் இவன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கேயே திருத்திக்கொண்டேன். ஆனாலும் என் விண்ணப்பத்தை நான் மறக்கவில்லை, இதெல்லாம் காரணங்களில் சேர்த்தி என்றே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைதான் என் தலையில் கல் விழுந்தது. பஸ் நிறுத்தத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கிறேன், வெளிச்சம் போய்விட்டது. மழையோ என்று நிமிர்ந்தால், சம்மட்டி நிற்கிறார். இரண்டு கையும் பாக்கெட்டுக்குள்.

"பெரியவரே, மேடம் ஆபீஸ் எதிர்லதான் எனக்கு வேலை. நாலு நாளா எங்க மேடம் பின்னாடியே வர்றீங்க. தேதி, நேரம் எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன்."

நான் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்தேன்.

"எனக்கு இப்ப ரொம்பக் கோபம் வருது. கோபம் வந்தா கையைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு மேடத்துக்குப் போன் பண்ணணும், அதான் எங்க ஏற்பாடு. பண்ணிட்டேன். பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க. நீங்க நகராதீங்க."

கையைப் பாக்கெட்டில் போட்டால் எப்படியப்பா போன் பண்ணுவது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஈனக்குரலில், "நான் அவங்க அப்பா" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். நான் வியர்த்து வழிவதைப் பார்த்து ஒரு கையை எடுத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், நான் குடித்ததும் வாங்கிக்கொண்டு கையைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். அந்தக் கை என் முகத்தளவு இருக்கும். அது என்மேல் பட்டிருந்தால் எனக்கு ஆஸ்பத்திரி, அவருக்கு மறுபடியும் ஜெயில். பத்து நிமிஷமும் அது வெளியே வரவில்லை.

மகள் வந்தாள். என்னைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள். ஆனால் முதலில் அவரிடம்தான் பேசினாள். "சரியாச் செஞ்சீங்க. இதையும் எழுதுறேன்." அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! முப்பத்தோரு வருஷம் கழித்து ஓய்வுபெற்றபோது ஆபீஸில் எனக்குக் கொடுத்த கடிகாரத்துக்குக் கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி அரை நிமிஷம் பார்த்தாள். நாலு நாள் கதையையும் கொட்டினேன், அதோடு நிற்காமல் உங்களிடம் மாற்றல் கேட்டதையும் சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டும்.

"மேடம் போறீங்களா?" என்றார் சம்மட்டி. குரலே வேறாக இருந்தது.

"இன்னும் ஒண்ணும் முடிவாகலை" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம், "எழுதுறதுன்னா எழுதுங்கப்பா. ஆனா நடந்தது எல்லாத்தையும் எழுதுங்க" என்றாள். அதனால்தான் கடிதம் இவ்வளவு நீளம்.

எனக்கு அவளை நினைத்தால் கர்வமாக இருக்கிறது மச்சான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் கர்வம் வேறு, ஒரே மகள் வேறு. ஆகவே மேற்கண்ட காரணங்களை மனதில் கொண்டு, இந்த மாதத்துக்குள் அவளைப் பதிவேட்டு அறைக்கு மாற்ற ஆவன செய்யும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, எல்லாரும் நோய்நொடியின்றி நீடூழி வாழுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து, மாற்றலுக்குச் சம்மதம் என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட தாளை என் முன்னால் வைத்தாள். "உங்களுக்கு அவ்வளவு பயமா இருந்தா நான் போயிடறேன்பா. இதையும் சேர்த்து அனுப்புங்க" என்றாள். அழவில்லை, முகத்தையும் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். உத்தியோகத்தில் ஒரு விண்ணப்பத்தைக் கூடக் கிழிக்காதவன் நான். அவள் வைத்த தாளை நாலாகக் கிழித்துவிட்டேன். மாற்றல் வேண்டாம் மச்சான். பயப்படுகிறவன் நான், அதற்கு அவள் ஏன் இடம் மாற வேண்டும்?