பதினொரு நொடிக் காத்திருப்பு

கடலைவிடத் தாழ்வாகக் கிடக்கிற ஒரு நாட்டில், நெதர்லாந்தின் வடக்குக் கோடியில், ஒரு பல்கலைக்கழகம் இருந்ததாம். அங்கே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற துறை கிடையாது. பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று பெரியவர்கள் கற்கிற துறை மட்டும் இருந்தது. கல்வி உளவியல் மற்றும் கற்றல் அறிவியல் துறை என்று அதற்குப் பெயர். அதில் முனைவர் பட்டம் வாங்க வந்து சேர்ந்தாள் நீன்கெ, ஒரு பால்பண்ணைக் குடும்பத்துப் பெண்.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது. வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்க வேண்டும்? பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு நொடிகூடப் பொறுக்காமல் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவது ஊரறிந்த விஷயம். கொஞ்சம் பொறுத்தால் பிள்ளைகள் நல்ல பதிலாகச் சொல்வார்களோ என்று பார்க்க நீன்கெ ஆசைப்பட்டாள். ஆசைப்படுவதற்கு முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தாள்.

விண்ணப்பம் தரவுப் பாதுகாப்பு அலுவலர் வெஸ்ஸெலிடம் போயிற்று. நல்ல மனிதர். மதிய ரொட்டிக்குள் என்ன வைத்திருக்கிறார் என்பதைக்கூட யாருக்கும் காட்ட மாட்டார். பதினான்கு வாரம் ஊன்றிப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"காத்திருக்கிற நொடியை நீங்க தாராளமா அளக்கலாம். நொடி யாருக்கும் சொந்தமில்ல. ஆனா பதில் அப்படியில்ல, அது அந்தப் பிள்ளையோட சொந்தத் தகவல்."

"அனுமதி வாங்கிக்கிறேனே."

"வாங்கலாம். எந்தப் பதிலுக்கு அனுமதின்னு படிவத்துல எழுதணும். பதிலே தெரியாம எப்படி எழுதுவீங்க?"

"சொன்னதுக்கு அப்புறம் எழுதறேன்."

"அனுமதி இல்லாம காதுல வாங்கிட்டீங்கன்னா அதுவே விதிமீறல் ஆச்சே."

நீன்கெ தன் நெறியாளர் பேராசிரியர் லுபெர்ட்டிடம் போய் முறையிட்டாள். அவர் பதறவே இல்லை. பதில் பிள்ளைக்குப் பிள்ளை மாறும், அதை வைத்து ஒரு வரைபடம்கூட ஒழுங்காகப் போட முடியாது, நொடி என்றால் நேர்கோட்டில் நிற்கும் என்று தேற்றி அனுப்பினார்.

ஆக நான்கு வருடம் அவள் பள்ளிப் பள்ளியாகப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு கையில் நொடி அளக்கும் கடிகாரம், இன்னொரு கையில் பஞ்சு. பிள்ளை வாயைத் திறக்கிற கணத்தில் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சை வெஸ்ஸெலின் அலுவலகமே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது.

கடைசியில் முடிவு வந்தது: பதினொரு நொடி. பதினொரு நொடி காத்திருந்தால்தான் அதிகமான கைகள் உயர்கின்றன. லுபெர்ட் இதற்கு 'ஆழ்காத்திருப்பு' என்று பெயர் சூட்டினார். பெயர் வைத்த மறுமாதமே அது தொற்றிக்கொண்டது. துறைக் கூட்டங்களில் யாரும் யாருக்கும் உடனே பதில் சொல்வதில்லை. ஒருநாள் ஒன்றரை மணி நேரம் ஒருவரும் வாயே திறக்கவில்லை. அந்தக் கூட்டம் 'மிக ஆழமாக நடந்தேறியது' என்று குறிப்பில் ஏறியது. காப்பிக் கடையில் பால் வேண்டுமா என்று கேட்டால் பேராசிரியர்கள் பதினொரு நொடி கூரையைப் பார்த்தார்கள். பின்னால் வரிசை தெரு வரைக்கும் போயிற்று. பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள். பத்தொன்பது நொடி காத்திருந்த ஒரு கணக்கு ஆசிரியருக்கு விருது கிடைத்தது. கேட்ட கேள்வி மறந்துபோய்த்தான் அவர் நின்றார் என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் விருதைத் திரும்ப வாங்குவதற்குப் படிவம் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் நீன்கெவுக்கு மட்டும் ஓர் உறுத்தல். இருநூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேட்டில் ஒரு குழந்தை சொன்ன ஒரு சொல்கூட இல்லை. யாராவது கேட்டுவிட்டால்? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலை தயாராக இருந்தது. தேர்வுக்கு அடுத்த திங்கட்கிழமை பட்டத்தோடு வரவும், பட்டம் இல்லாவிட்டால் வர வேண்டாம் என்று கடிதமும் வந்திருந்தது. முப்பத்துமூன்று வயதில் மறுபடி மாட்டுக் கொட்டகைக்குத் திரும்ப அவளுக்கு மனமில்லை.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. நாற்பத்தைந்து நிமிடம், ஒரு நொடி கூடாது, குறையாது. நேரம் முடிந்ததும் கட்டியக்காரி ரூலோஃப்யெ வெள்ளித் தடியோடு உள்ளே வந்து தரையில் தட்டுவாள். பேசுகிறவர் பாதிச் சொல்லில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். நீன்கெவுக்குத் துணைநிற்கத் தம்பி சியூர்ட் வாடகைக் கோட்டில் விறைத்துக்கொண்டு நின்றான். எதிரே நான்கு தேர்வாளர்கள், கறுப்பு அங்கியில்.

பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஓடிலோன்தான் முதலில் கேட்டார். வகுப்பறைக் கேள்விகளைப் பற்றி இருபது நூல் எழுதியவர் அவர்.

"காத்திருந்தீங்க, சரி. பிள்ளைங்க என்ன பதில் சொன்னாங்க?"

நீன்கெ வாயைத் திறந்தாள். மூடினாள்.

பதினொரு நொடி கடந்தது. தேர்வாளர்கள் முகத்தில் மரியாதை படர்ந்தது. இப்போது குறுக்கிட்டால், தாங்களே கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட ஆய்வேட்டைத் தாங்களே மறுத்தது போலாகிவிடும். ஆகவே ஒருவரும் குறுக்கிடவில்லை. ஐந்தாவது நிமிடத்தில், ஓரமாக உட்கார்ந்திருந்த லுபெர்ட்டின் கண்கள் பெருமிதத்தில் கலங்கின. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு தேர்வாளர், 'துணிச்சலான முறையியல்' என்று குறித்துக்கொண்டார்.

சியூர்ட் அவள் காதருகே குனிந்தான். "ஏதாவது சொல்லு அக்கா. நம்ம பசு கன்னு போடக்கூட இவ்வளவு நேரம் எடுக்காது."

"எனக்குப் பதில் தெரியாதுடா."

"அப்போ தெரியாதுன்னு சொல்லு."

சொல்லலாம்தான். திங்கட்கிழமை கண்முன்னால் வந்து நின்றது. அவள் சொல்லவில்லை. பொருத்தமான முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளித் தடி தரையில் இடித்தது. நேரம் முடிந்தது என்றாள் ரூலோஃப்யெ. விதிப்படி நீன்கெ தன் மௌனத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

தேர்வாளர்கள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்கள். இருபது நிமிடத்தில் வெளியே வந்தார்கள். பட்டம், அதுவும் சிறப்புத் தகுதியோடு. சபை எழுந்து நின்று கைதட்டியது.

உள்ளே என்ன பேசினார்கள் என்று நீன்கெ கட்டியக்காரியிடம் மெல்லக் கேட்டாள். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். நான்கு பேரும் மற்றவர் ஆரம்பிக்கட்டும் என்று மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஆட்சேபணை உண்டா என்று படிவத்தில் ஒரு கட்டம். ரூலோஃப்யெ மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, பசி நேரமாயிற்றே என்று 'இல்லை' என்பதில் தானே குறி போட்டுவிட்டாளாம்.

கீழ்க் கூடத்தில் விருந்து. சீஸ் துண்டுகளும் கடுகு விழுதும் வைனும். நீன்கெ முதலில் வெஸ்ஸெலிடம் போய், ஒரு பதிலைக்கூட நான் கேட்டதில்லை என்று ஒப்புக்கொண்டாள். அவர் நெகிழ்ந்துபோய், இவ்வளவு விதி தவறாத மாணவியைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். லுபெர்ட்டிடம் சொன்னாள். அவர் பதினொரு நொடி ஆழமாகக் காத்திருந்தார், தலையசைத்தார், சைக்கிளை எடுக்கப் போய்விட்டார். மற்றவர்களும் மழை வலுக்குமுன் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சியூர்ட்டும் பால் கறக்க நேரமாயிற்று என்று ஓடினான்.

மிச்சம் நின்றவர் ஓடிலோன் ஒருவர்தான். கழுத்துத்துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். நீன்கெ அவர் முன்னால் போய் நின்றாள்.

"பேராசிரியரே, நான் ஆழமா யோசிக்கல. எனக்குப் பதில் தெரியல, அவ்வளவுதான். பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லுங்க."

ஓடிலோன் சிரித்தார். "எதுக்கு? பதினேழு வருஷமா எந்தத் தேர்வுக்குப் போனாலும் நான் இந்த ஒரு கேள்வியைத்தான் கேக்கறேன். ஆய்வேட்டைப் படிக்காமலே கேட்டுடலாம், அவ்வளவு வசதி. எல்லாரும் முக்கால் மணி நேரம் பேசுவாங்க. பதில் மட்டும் வராது. நீங்கதான் முதல்முதலா என் காதை மிச்சப்படுத்தினீங்க."

நீன்கெ விடவில்லை.

"அப்போ உங்க இருபது புத்தகத்துல? பிள்ளைங்க என்ன பதில் சொன்னாங்க?"

கழுத்துத்துண்டு நாற்காலிக்குப் பின்னால் கிடந்தது. ஓடிலோன் அதை எடுத்து உதறினார். கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று, இன்னொரு சுற்று, முன்னால் ஒரு நல்ல முடிச்சு. அவளைப் பார்த்து வெகு அன்பாகத் தலையசைத்தார். கதவைத் திறந்து, மழையில் இறங்கி, ரயில் நிலையம் இருக்கிற பக்கமாக நடந்து போனார்.