கடலுக்கு நானூற்று எண்பத்தெட்டு கிலோ

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன். (ரேஷன் கடை வரிசையில்கூடச் சொல்லியிருக்கிறேன்.) ஓரிடத்தில் உட்கார்ந்து யோசிக்கும் பழக்கம் மட்டும் எந்த வகுப்பிலும் வரவில்லை.

முதல் வேலை, மீன் எடையைக் கூட்டிச் சீட்டு அடித்துத் தரும் கையடக்கக் கருவி செய்கிற சின்ன கம்பெனியில். பொத்தான்களில் தட்டுவதிலிருந்து எண்களைப் பிரித்தெடுக்க, சி என்ற கணினி மொழியோடு வரும் ஸ்டாண்டர்டு லைப்ரரியில், அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பில், ஸ்கேன்எஃப் என்றொரு ஃபங்ஷன் உண்டு. எங்கள் குட்டிச் சிப்புக்கு அது பெரிது. சிறியதாகப் புதிதாய் எழுத எனக்கு இரண்டு வாரம் கொடுத்தார்கள். நாற்காலியில் இருப்புக்கொள்ளாமல் மூன்றே நாளில் முடித்தேன். சோதனை? நானே தட்டி, நானே மெச்சிக்கொண்டேன்.

காசிமேடு மீன் சந்தையில் வெள்ளோட்டம். சரியாக நடந்தால் வேலை நிரந்தரம் என்றிருந்தார் மேனேஜர். அங்கே மீன் வாங்கி விற்கும் என் அம்மாதான் முதலில் தட்ட வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். அம்மா தோழிகளையெல்லாம் கூட்டி வைத்திருந்தாள்.

கூடையில் பன்னிரண்டரை கிலோ சங்கரா மீன். அம்மா ஒவ்வொரு பொத்தானாகத் தேடி அழுத்தினாள்.

“சீக்கிரம்மா.”

“இருடீ, ஏன் பறக்குற.”

சீட்டு வந்தது. மொத்தம்: -488 கிலோ.

மேனேஜர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். (பின்பக்கம் வெறும் தாள்.)

“இன்னாம்மா தட்டுன?”

“பன்னெண்டு, கோடு, ஐந்நூறு.”

“கோடு எதுக்கு?”

“கிலோ வேற, கிராம் வேற. நடுவுல கோடு போடாம எப்டித் தெரியும்? இங்க அல்லாரும் அப்டித்தான எழுதுறோம்.”

அம்மாவின் நோட்டில் சிறுவயது முதல் நான் பார்த்த கோடுதான். என் ஃபங்ஷன் பன்னிரண்டைப் படித்துக் கோட்டருகே நின்றது. பிறகு கோட்டைக் கழித்தல் குறியாக்கி, மைனஸ் ஐந்நூறு கிலோவுக்கு இன்னொரு கூடையையும் சேர்த்துக் கூட்டிவிட்டது. (காலிப் பெட்டி எடையைக் கழிக்கக் கழித்தல் பொத்தான் வேண்டும் என்று சண்டை போட்டவளும் நானே.)

“அப்ப நாமதான் கடலுக்கு மீன் தரணுமா, யக்கா?” என்றாள் பக்கத்துக் கூடைக்காரி.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “சார், மிசின் மேலதான் தப்பு. எம் பொண்ணு நல்லா படிச்ச பொண்ணு.”

“மிசினுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவங்கதாம்மா.”

நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. இன்றும் எங்கள் லைப்ரரியின் முதல் சோதனை 12-500 தான். புதிதாகச் சேருகிறவர்கள் ஏன் என்று கேட்டால், அவசரமாக டீ குடிக்கப் போய்விடுவேன்.

வீட்டில் அப்படித் தப்பிக்க முடியாது. மீன் குழம்பு வைத்தால் அம்மா என் தட்டில் வால் துண்டைத்தான் வைக்கிறாள்.

“நடுத்துண்டு?”

“நீ கடலுக்குக் குடுக்க வேண்டியதே நானூத்தி எண்பத்தெட்டு கிலோ கீது. மொதல்ல அத்த முடி.”