குடைக்காரரின் வெயில் வைத்தியம்

குடைக்காரர் கட்டைவிரலால் பொத்தானை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். குடை அசையவில்லை, விரல்தான் ஐயோ என்றது. காலை வேளையில் விரல்களெல்லாம் வீங்கி, மரக்கட்டையாய் விறைத்துக்கொள்ளும்.

"கெட்டியான சரக்கு சார். லேசுல திறக்காது," என்று சமாளித்தார்.

"மழை வந்தாலாவது திறக்குமா?" என்று கேட்டுவிட்டு, வந்தவர் எதிரே இருந்த தொப்பிக்கடைக்குள் நுழைந்தார்.

ஒரே சொடுக்கில் குடையை விரித்துக் காட்டுவதுதான் குடைக்காரரின் வியாபாரமே. அது போனால் கல்லா நாற்காலியும் போகும். கொஞ்ச நாள் நான் உட்காரட்டுமா என்று மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள். உனக்குப் பேரம் பேச வருமா என்று அவள் வாயை அடைத்திருந்தார்.

டாக்டர், முடக்குவாதம் என்றார். அதற்கு மாத்திரை எழுதினார். கூடவே, ரத்தத்தில் வைட்டமின் டி பதினொன்றுதான் இருக்கிறது, முப்பதாவது வேண்டும் என்றார்.

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம் டாக்டர். இருபதுல முடிச்சுக்கலாம்."

அவர் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நர்ஸ் மனைவியைத் தனியே அழைத்து மாத்திரை, வெயில் விவரமெல்லாம் சொன்னாள்.

"வெயில் இருக்கிற வரைக்கும் வெயில்லயே உட்காரணுமாங்க," என்றாள் மனைவி, வீட்டுக்கு வரும் வழியில்.

மறுநாள் கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"என்னண்ணே, உங்க குடையை நீங்களே நம்பலையா?" என்று தொப்பிக்காரர் தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். மானம் காக்க, மனைவியிடம் குடையை நீட்டி விரிக்கச் சொன்னால், வெயிலுக்கு வந்துவிட்டுக் குடையா என்று அவள் பிடுங்கி உள்ளே வைத்தாள்.

கல்லாவை மனைவியிடம் விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினார். உடம்பு மாடியில், காது கடையில். கீழே பேரம் இறங்குவது கேட்டதும் எட்டிப் பார்த்து, "அதுக்குக் கீழ விடாதே, நம்ம அடக்க விலையே அதுதான்," என்று கத்தினார். வாங்க வந்தவர் அதற்குமேல் ஒரு காசு ஏறவில்லை.

அன்றோடு நாற்காலி ஊர்க்கோடிப் பூங்காவுக்குப் போனது. நிழல் நெருங்க நெருங்க அவர் வெயிலுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். இருட்டியதும் வீடு திரும்பி, கடை எப்படி என்பார். ஏதோ ஓடுதுங்க என்பாள். பரணில் வருஷக்கணக்காய்த் தூங்கிய பூப்போட்ட குடைகளைக் காணோம். எலி தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கல்லா நாற்காலியில் புது மெத்தை ஒன்றும் முளைத்திருந்தது.

சில மாதம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். நாற்பத்தொன்று. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர்.

"கேட்டதுக்கு மேலயே போட்டுக் குடுத்திருக்கேன் டாக்டர்," என்றார் குடைக்காரர்.

வெளியே வந்து, நோயாளிகள் நிறைந்த கூடத்தின் நடுவில் நின்று, பையிலிருந்து குடையை எடுத்தார். ஒரு சொடுக்கு. டப்பென்று விரிந்தது. வீங்கிய விரல்களோடு வரிசையில் காத்திருந்த ஒரு அம்மாள் கை தட்டினாள்; கூடமே தட்டியது.

"நாளையிலேருந்து கல்லாவுல நான்தான்," என்று அறிவித்தார்.

மனைவி அவசரமாகக் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"ஒரு குடை வாங்கலாம்னுதான் உங்க கடைக்குப் போனேன் சார், வீட்டம்மா பேசியே பூப்போட்டது நாலைத் தலையில கட்டிட்டாங்க," என்றாள், கைதட்டல் கேட்டு வந்த நர்ஸ். "நீங்கதான் எப்ப வந்தாலும் இல்லை. நான் சொன்ன கால் மணி நேர வெயில், அவ்வளவு தூரத்துலயா கிடைக்குது?"