என் நாற்காலி ராட்டினமான விவரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, உங்கள் மைத்துனன் கடையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். நாற்காலிதான் நலமில்லை.

நீங்கள் விதிமுறை எழுதும் அலுவலகத்தில் பெரிய பதவியில் இருப்பதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமையோடுதான் போன மாதம் என் சலூனுக்கு முடிவெட்ட வந்த ஆய்வாளரை உட்காரவைத்தேன். பாதித் தலை முடிந்து, அடுத்த பாதிக்காக நாற்காலியை லேசாகத் திருப்பினேன். மனிதர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னய்யா இது, சுத்துது?" என்றார். "இருபது வருஷமா சுத்துது சார்" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஆளை உக்கார வச்சு சுத்துற எதுவுமே ராட்டினம்தான், புது விதி. அப்போ இருபது வருஷமா உரிமம் இல்லாம ராட்டினம் ஓட்டியிருக்கீங்க!" என்று பாதித் தலையோடு எழுந்து, நாற்காலிக்குச் சீல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சரி, நாற்காலிதானே சுற்றக் கூடாது, நான் சுற்றலாமே என்று ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து நானே சுற்றிச் சுற்றி வெட்டினேன். நாலாவது ஆளுக்குள் எனக்குக் கிறுகிறுத்து, பக்கத்துக் கடைத் தையல்காரரின் மீசையில் ஒரு பக்கம் போயிற்று. வேறு வழியில்லாமல் உரிமத்துக்கு மனு போட்டேன். ராட்டினத்தின் உயரம் என்ன, ஒரு சுற்றுக்கு எத்தனை பேர், குதிரைகள் உண்டா என்று கேட்டிருந்தார்கள். "குதிரை இல்லை" என்று எழுதினேன். ஏன் இல்லை என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது மாப்பிள்ளை! விளக்கம் எழுதவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பிறகு நிபந்தனைகளோடு தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். நாற்காலியைச் சுற்றி வேலி, இடுப்புக்குப் பெல்ட், திருப்புவதற்கு முன் மணி. 'இதய நோயாளிகளும் நாலரை அடிக்குக் குறைந்தவர்களும் ஏறக் கூடாது' என்று வாசலில் பலகை. என் பழைய வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கொஞ்சம் குட்டை. அளவுகோலில் நின்று, "முடியையும் சேத்து அளங்க, சரியா வருது" என்றார். வந்தது. ஏற்றினேன். உச்சியில் நாலு வெட்டு வெட்டியதும் உயரம் குறைந்துவிட்டது. விதிப்படி இறக்கிவிட்டேன். "அப்போ மீதி?" என்றார். "வளந்ததும் வாங்க சார்" என்றேன். மனிதர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நான் அதிகம் படித்தவனில்லை. ஆனாலும் கேட்கிறேன், ஒருத்தர் தலையைக் கொடுக்கிறார், ஒருத்தன் வெட்டுகிறான். பிடிக்காவிட்டால் அவர் வேறு கடைக்குப் போகப்போகிறார். நடுவில் அரசாங்கம் வந்து ஏன் நிற்க வேண்டும்? கழுத்துக்கு நேராகக் கத்தி பிடிக்கிறேன், அதை யாரும் கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பினால்தான் குற்றமாம்! கடைக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது வருவதில்லை. உங்கள் அக்கா அந்த விதி நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என் தம்பி கையெழுத்துங்க" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ எழுதியது என்றால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

ஆகவே, அந்த விதியைத் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். தொழிலை அதன் போக்கில் விடுங்கள். இல்லாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு நானும் அவளும் உங்கள் வீட்டுக்கே குடிவந்துவிடுவோம். உங்கள் முன்னறை போதும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் தலையில் முடி குறையாமல் நீங்கள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் என் நிரந்தர உரிமம் தபாலில் வந்துவிட்டது. இந்த வட்டாரத்திலேயே இது என் ஒருவனிடம்தான் இருக்கிறதாம். எதிர்வரிசையில் நேற்று ஒருவன் சலூன் திறந்திருக்கிறான். வேலி கிடையாது, பெல்ட் கிடையாது, மூன்று நாற்காலிகள் கண்டபடி சுற்றுகின்றன, வாசல்வரை கூட்டம் நிற்கிறது. பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. பொதுமக்கள் உயிர் விஷயம் மாப்பிள்ளை! மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு இன்றைக்கே ஆய்வாளரை அனுப்புங்கள். விதியில் ஒரு புள்ளியைக்கூடத் தொட வேண்டாம். எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறீர்கள்!