குடத்தைப் பார்க்கக் கூடாது

பச்சைக் குடம் ஒன்பதாவது இடத்திலிருந்து ஐந்தாவது இடத்துக்குத் தானாக நகர்ந்து போனபோது, வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரும் குடங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேல்நிலைத் தொட்டியைப் பார்த்தபடி நின்றார்கள். பார்த்தவன் ஒருவன்தான். நகர்த்தியவனும் அவனேதான். அவனுக்கு உத்தமன் என்று பெயர் வைத்தவர்கள் அன்று காலை அங்கே இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

ஆவடி குவார்ட்டர்ஸில் நான்காம் லைனுக்கு ஒரே குழாய். அந்த 1987 கோடையில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டால் ஏழரைக்கு நின்றுவிடும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்கு ஒரு குடத்தை வரிசையில் வைத்துவிட வேண்டும். வைத்த குடத்தை முறை வரும்வரை யாரும் தொடக் கூடாது. இவ்வளவும் எல்லா லைனிலும் உள்ள வழக்கம். நான்காம் லைனில் மட்டும் இன்னொன்றும் உண்டு. வரிசையில் நிற்கிறவர்கள் குடத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தண்ணீர் நின்றுவிடும் என்பார் லைன் சங்கத் தலைவர் கஜபதி. அங்கே தஞ்சாவூர்க்காரர், திருநெல்வேலிக்காரர், வேலூர்க்காரர் என்று ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். பகலெல்லாம் தொழிற்சாலையில் பீரங்கி வண்டிக்கு வெல்டிங் வைக்கிறவர்கள். எதிலும் ஒத்துப்போகாத அவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மறுபேச்சுப் பேசாமல் திரும்பி நின்றார்கள்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கும் உத்தமனுக்கு இது சுத்தப் பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. ஆனாலும் வசதியாக இருந்தது.

இருபது வயது முடிந்த கையோடு அவனுக்கு இந்தச் சக்தி வந்திருந்தது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஒரு பொருளையே உற்றுப் பார்த்தால் அது நகரும். மூன்று மாதமாக அதை வைத்துக்கொண்டு அவன் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. ஒருநாள் வகுப்பில் உராய்வு பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த இராமகிருஷ்ணன் சாருடைய பெல்ட்டைக் கழற்றிவிட்டான். உராய்வு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மொத்த வகுப்பும் செயல்முறை விளக்கமாகக் கண்டது. வீட்டில் ஒருதரம் காப்பித் தம்ளரைத் தன் பக்கம் இழுத்தான். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா வரலட்சுமி திரும்பாமலே, "கையை நீட்டி எடுடா, சோம்பேறி" என்றாள். அம்மாக்களுக்கு முதுகிலும் கண் உண்டு என்று நினைத்துக்கொண்டான்.

உருப்படியான காரியம் ஒன்று செய்ய வேண்டும் என்ற எண்ணம் வனஜாவால் வந்தது.

வனஜா எதிர்வீட்டு மணவாளன் மகள். அவனைவிட ஒரு வயது பெரியவள். மணவாளன் ரிட்டையர் ஆகிவிட்டார், ஐந்து மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடும்பமே வனஜாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கிடைத்திருக்கும் டைப்பிஸ்ட் வேலையை நம்பித்தான் இருந்தது. அந்த வேலையும் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மூன்று நாள் தாமதமாகப் போனால் சீட்டுக் கிழிந்துவிடும். ஏற்கெனவே ஒரு நாள் போய்விட்டது. சாயங்காலம் ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவளின் குடத்துக்கு ஒன்பதாவது இடம்தான் கிடைக்கும். ஒன்பதாவதாகப் பிடித்து, சமைத்து, குளித்து, ஏழு இருபது ரயிலை எங்கே பிடிப்பது?

உத்தமனுக்கு அவள்மேல் காதல். ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை, தலைகால் தெரியாத காதல். அவள் பக்கத்தில் வந்தாலே அவனுடைய மடங்கிய காலர் தானாக நிமிர்ந்து சரியாகிவிடும். காதல் வந்தால் உடம்பில் ஒரு விறைப்பு வரும்போலிருக்கிறது என்று அதற்கும் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

பச்சைக் குடம் ஐந்தாவது இடத்தில் போய் நின்ற திங்கட்கிழமை, அதுவரை ஐந்தாவதாக இருந்தவள் வசந்தகுமாரி. அவளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"இன்னாமே இது? இப்பத்தான் ஒம்பதாவதா இருந்த குடம் அதுக்குள்ள அஞ்சாவதா கீது?"

வனஜா திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. "நான் நகர்த்தலை அக்கா. நகர்த்தணும்னா எனக்குத் தெரியாதா? வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே நகர்த்தியிருப்பேனே."

அது நல்ல பதிலாக உத்தமனுக்குத் தோன்றவில்லை. ஆனால் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்காம் லைனில் இந்த மாதிரி ஒருநாளும் நடந்ததில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எல்லார் கண்ணெதிரிலும் நின்றவள் எப்படிக் குடத்தை நகர்த்தினாள் என்று ஒருவரும் கேட்காதது அவனுக்கு விசித்திரமாக இருந்தது. கோபத்தில் புத்தி மழுங்கிவிடும் என்று விட்டுவிட்டான். பச்சைக் குடம் கடைசிக்குப் போனது. வனஜாவின் கணக்கில் இரண்டாவது தாமதம் ஏறியது.

அன்று சாயங்காலம் அவன் அப்பா கலியமூர்த்தி வழக்கமில்லாத வழக்கமாக, "வா, ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்றார்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அரைமணி நேரம் நடந்தார்கள். பிறகு அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உத்தமா, இந்த வயசுல சில சங்கதி தன்னால வரும். எனக்கும் வந்துது. தப்பு ஒண்ணும் இல்லை."

உத்தமனுக்குப் பகீரென்றது.

"வீட்டுக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு எப்படியோ இருந்துட்டுப் போ. பொது இடத்துல மட்டும் வேண்டாம். அதுலயும் பெண்டுகள் நிக்கிற இடத்துல கூடவே கூடாது."

"தெரியும்ப்பா."

"யாரு சொன்னா?"

"புஸ்தகத்துல படிச்சிருக்கேன்."

அப்பா நின்றுவிட்டார். "இதுக்குப் புஸ்தகம் வேற போட்டுட்டானா?" என்று நிஜமாகவே வியந்தார். பிறகு கொஞ்சம் தெம்பு வந்தவராக, "உங்கம்மா இதுல என்னைவிடக் கெட்டிக்காரி" என்று தொடங்கினார். உத்தமன் அதற்குமேல் நிற்கவில்லை. ஏரியில் குதிக்கலாமா என்று பார்த்தான். கோடையில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. வேகமாக வீட்டுக்கு நடந்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை அவன் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வதென்று தீர்மானித்தான். குடத்தைத் தொட்டால்தானே வம்பு? குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டால் தண்ணீர் வேகமாக வரும், வரிசை சீக்கிரம் நகரும், வனஜாவுக்கு ரயில் கிடைக்கும். யார் பங்குக்கும் கெடுதல் இல்லை. மெக்கானிக்கல் படித்த மூளை. புருவத்தைச் சுருக்கினான். குழாய்த் திருகு ஒரு சுற்று சுற்றியது, இரண்டு சுற்று சுற்றியது, பிறகு மூடியோடு கழன்று மேலே பறந்து கண்ணம்மாவின் பித்தளைக் குடத்துக்குள் டணங்கென்று விழுந்தது. தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பி வரிசையில் நின்ற அத்தனை பேரையும் தலைமுழுக்காட்டியது. ஜம்புலிங்கம் என்ற வால்வுக்காரர் சைக்கிளில் வந்து மூடுவதற்குள் தொட்டி காலி.

அன்று நான்காம் லைன் முழுவதும் குளித்திருந்தது, ஆனால் எந்த வீட்டிலும் உலை வைக்கத் தண்ணீர் இல்லை. வனஜா ஈரப் புடவையோடு ஓடிப் போய் ரயிலைப் பிடித்துவிட்டாள். அதுவே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. எல்லாருக்கும் காரியம் கெட்டபோது ஒருத்திக்கு மட்டும் ரயில் கிடைத்ததே, அது எப்படி என்று வசந்தகுமாரி கேட்டாள்.

உத்தமனுக்கு மனசு கேட்கவில்லை. தன்னால் ஒரு பாவமும் அறியாத பெண்ணுக்குக் கெட்ட பெயர். சந்தேகத்தைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பிவிடுவதென்று முடிவு செய்தான். புதன்கிழமை காலை, பதினொன்றாவதாக இருந்த தன் வீட்டு ஆரஞ்சுக் குடத்தை முதலிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், பழி தன்மேல் விழ வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

ஆரஞ்சுக் குடம் ஒழுங்காகத்தான் கிளம்பியது. பாதி வழியில் வனஜா அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு வந்து வரிசையில் நின்றாள். உத்தமனின் கண் அவன் பேச்சைக் கேட்கவில்லை. அவளைப் பார்த்தது, பிறகு அவள் குடத்தைப் பார்த்தது. பச்சைக் குடமும் கிளம்பியது. இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன. ஒன்றையொன்று உரசிக்கொண்டு, பெரிய அவசரம் எதுவும் இல்லாமல், குழாயடி வரைக்கும் போய், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. உத்தமன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூடிய பிறகும் பிளாஸ்டிக் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தன் குடம் போதாதுன்னு அந்தப் பையன் குடத்தையும் இஸ்துகினு போவுது பாரு இந்தப் பொண்ணு" என்றாள் வசந்தகுமாரி.

கண்ணம்மா காதைப் பொத்திக்கொண்டாள். சத்தம் கேட்டு வந்த மணவாளன் தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருஷம் தொழிற்சாலையில் ஒரு நட்டைக்கூட வீட்டுக்கு எடுத்து வராத மனிதர். அவர் குனிந்ததை உத்தமனால் பார்க்க முடியவில்லை.

கஜபதி அங்கேயே பஞ்சாயத்தை வைத்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, குழாய் மேடையில் ஏறி நின்றார். பருத்திப்பட்டுக்காரர், ஆள் ஆறடி. பேச்சை வளர்க்கவில்லை. மூணு நாளா வரிசை கெட்டுப்போச்சு என்றார். வனஜா ஊட்டுக் குடம் ஒரு மாசத்துக்குக் கடைசியில் நிற்கும் என்று தீர்ப்புச் சொன்னார்.

வனஜா அழவில்லை. தெரு முனையில் ரயில் போகும் பக்கம் ஒருதரம் பார்த்தாள். ஒரு மாதம் என்ன, ஒரு நாளே போதும், வேலை போய்விடும். அதற்குப் பிறகு ஐந்து மாதத்தில் வீடும் போகும்.

உத்தமன் முன்னால் வந்தான்.

"அவங்க இல்லை. நான்தான் நகர்த்தினேன். மூணு நாளும் நான்தான். குழாயும் நான்தான்."

"நீ அங்க நின்னுகினு இருந்தியே" என்றார் கஜபதி.

"கையால இல்லை. மனசால. எனக்கு ஒரு சக்தி இருக்கு." சொல்லும்போதே அவனுக்கு வியர்த்தது. இனிமேல் ஊர் தன்னைக் கண்டு ஓடும், பேப்பர்க்காரர்கள் வருவார்கள், ஆஸ்பத்திரியில் கட்டிப்போட்டு ஊசி குத்துவார்கள். போகட்டும், வனஜா ரயிலைப் பிடிக்கட்டும். "நம்பலைன்னா பாருங்க. உங்க தோள் துண்டைத் தூக்கிக் காட்டுறேன்."

புருவத்தைச் சுருக்கினான். துண்டுதான் குறி. ஆனால் பயத்தில் பார்வை ஒரு முழம் இறங்கிவிட்டது. கஜபதியின் லுங்கி அவிழ்ந்து, மேடையில் வட்டமாக விழுந்தது. கோடு போட்ட பட்டாபட்டி டிரவுசரில், இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றியபடி, நான்காம் லைன் சங்கத் தலைவர் நின்றார்.

யாராவது அலறுவார்கள் என்று உத்தமன் காத்திருந்தான். ஒருவரும் அலறவில்லை. குமுட்டி அடுப்பு புகைகிறது என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் பார்த்தார்கள். வசந்தகுமாரி மட்டும் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கஜபதி குனிந்து லுங்கியை எடுத்து நிதானமாகக் கட்டிக்கொண்டார்.

"அப்ப பொண்ணு மேல தப்பு இல்ல" என்றார். பிறகு வனஜாவைப் பார்த்து, "வேலைக்குப் போற பொண்ணு. ரயிலுக்கு நேரமாவுதுன்னு வாயத் தொறந்து கேட்டிருந்தா முன்னாடி வுட்டிருக்க மாட்டமா? இன்னிலேர்ந்து உன் குடம் மொதல்ல நிக்கட்டும்" என்றார். வசந்தகுமாரிகூட அதற்குத் தலையாட்டினாள். வனஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு உத்தமனைப் பார்த்தாள். அவன் காலர் தானாக நிமிர்ந்தது.

ஆரஞ்சுக் குடம் ஒரு மாசம் கடைசி என்று தீர்ப்பு மாறியது. அதை உத்தமன் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டான். ஆனாலும் ஒன்று உறுத்தியது. இவ்வளவு பெரிய ரகசியத்தைப் போட்டு உடைத்திருக்கிறான். ஒரு மனுஷனுக்காவது வாய் பிளக்க வேண்டாமா?

கஜபதி, கூட்டத்தில் வந்து நின்றிருந்த அவன் அப்பாவிடம் திரும்பினார். "இன்னா நைனா, பையனாண்ட நீ சொல்லவே இல்லியா?"

"ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னேனே. படிச்சுட்டேன்னான்" என்றார் கலியமூர்த்தி பரிதாபமாக.

உத்தமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பன்னிரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். வரிசையின் கடைசியில் இடுப்பில் கையை ஊன்றி நின்ற திருநெல்வேலி ஞானம்மாள்தான் அலுத்துக்கொண்டே சொன்னாள்:

"எல்லாருக்கும் வாரதுதாம்ல அது, அதுக்குத்தான இத்தன வருசமா நாங்க யாரும் குடத்தப் பாக்காம அங்கிட்டுத் திரும்பி நிக்கோம்."