ஆளில்லாத ஜீப்பு

போடிநாயக்கனூர்,
14.9.1979

அன்புள்ள மாப்பிள்ளை பெரியகருப்பனுக்கு, உன் பெரியக்காள் புருஷன் வெள்ளைத்துரை ஆசி கூறி எழுதுவது. மதுரையில் நீயும் பொன்னுமணியும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே உன் அக்காள் சுகம், மாடு சுகம், மலையில் நல்ல மழை. எனக்குத்தான் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. காரணம் உன் சின்னக்காள் புருஷன் காசிராஜன்.

போன வாரம் இங்கே மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி தொடங்கினார்கள். இருபத்தாறு வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் என்ற முறையில் நானும் ஒரு படம் வைத்தேன். குரங்கணிச் சரிவில் ஏலத்தோட்டம். இலையை எண்ணி எண்ணி வரைந்தது. ஏலக்காய் மூட்டைக்கு நம்பர் எழுதுகிற காசிராஜனும் ஒன்று வைத்தான். போடிமெட்டு வளைவில் ஒரு ஜீப்பு, கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே ஆளில்லை, அவ்வளவுதான் படம். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் என் படத்தை நடந்துகொண்டே பார்த்து, "நல்ல பச்சை" என்றார். ஜீப்பின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார். பிறகு கூட்டத்தில் பேசும்போது, திறந்த கதவு உயிர் போன வழியாம், வளைவு விதியாம். எனக்குப் பொறுக்கவில்லை. அதை வரைந்த அன்று நானும் கூட இருந்தேன், மாப்பிள்ளை. டிரைவர் கண்ணுச்சாமி ஒன்றுக்குப் போயிருந்தார். எழுந்து சபையிலேயே சொன்னேன். பேராசிரியர் சிரித்து, "வரைஞ்சவருக்கே தெரியாம வர்றதும் அர்த்தந்தாங்க" என்றார். கை தட்டினார்கள், எனக்கு அல்ல.

அதையாவது தாங்கியிருப்பேன். என் படங்களைத் தூசி தட்டும்போது மட்டும் பார்க்கிற உன் அக்காள் ஜக்கம்மாள், அந்த ஜீப்பின் முன்னால் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என்னவென்று கேட்டேன். "எங்கய்யா எஸ்டேட்டுக்குப் போன ஜீப்பு அவரு இல்லாம வந்து வாசல்ல நின்னுச்சே, அப்பிடியே இருக்கு" என்றாள். மாமனார் காலமானபோது நீ கைக்குழந்தை, அந்த ஜீப்பு வந்து நின்றது உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் என்னிடம் சொல்லாததைப் போயும் போயும் காசிராஜனின் பெயிண்டிடம் சொல்லிவிட்டாள்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். "டிரைவர் ஒதுங்கப் போனதத்தான வரஞ்ச? ஒத்துக்க" என்றேன்.

"ஆமாண்ணே. அவரு வர்றதுக்குள்ள வெளிச்சம் போயிருச்சு, அப்பிடியே விட்டுட்டேன். மதினி அழுகவுந்தான் என்னத்த வரஞ்சோம்னு எனக்கே தெரிஞ்சுச்சு" என்றான். இப்படிப் பேசுகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? காப்பி வேறு நன்றாக இருந்தது.

சரி, நாமும் அர்த்தம் வைப்போம் என்று மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். வெட்டவெளியில் ஒரு காலி நாற்காலி. முதுமை, தனிமை, எனக்குக் கிடைக்காமல் போன தலைமையாசிரியர் பதவி எல்லாம் அதில் இருக்கிறது. ஜக்கம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தினேன். நெடுநேரம் பார்த்தாள். நான் அவள் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல நாற்காலிய யாருங்க வெயில்ல போட்டது? பிரம்பு விட்டுப்போகும்" என்றுவிட்டு, சோலி கிடக்கிறதென்று போய்விட்டாள்.

அடுத்த வாரம் அந்த ஜீப்பு மதுரைக் கண்காட்சிக்கு வருகிறது. அங்கே குழுவில் உனக்கு ஆட்களைத் தெரியும். டிரைவர் ஒதுங்கப் போன விவரத்தைச் சொல்லி வெரசாக நிறுத்திவிடு. கண்ணுச்சாமி சாட்சிக் கையெழுத்துப் போடத் தயார். பொறாமை என்று எண்ணாதே. பொதுநன்மைக்காகச் சொல்கிறேன்.

உன் வீட்டுப் பானையில் சோறும் பிள்ளைகள் வாயில் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
வெள்ளைத்துரை
(ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்)

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கப் போகிற வழியில், படத்தில் இன்னும் இரண்டு குற்றம் கண்டுபிடித்து எழுதலாமென்று மண்டபத்துக்குள் நுழைந்தேன். யாருமில்லை. முன்சக்கரம் கோணல்தான். குறித்துக்கொண்டு திரும்ப வேண்டியவன், மாமனார் வந்து ஏறிக்கொள்வார் என்பதுபோல் அங்கேயே நின்றுவிட்டேன். பூட்ட வந்தவர் தோளைத் தொட்டுக் கூப்பிட வேண்டியிருந்தது. குழுவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். படம் வந்ததும் நீ போய்ப் பார். உன் அய்யாவின் முகம் உனக்கு நினைவிருக்காது. அந்தப் படத்திலும் முகம் இல்லை. ஆனாலும் போ.