ரூட் பாய் அனுப்பிய சால்னா கடை

காரைக்காலுக்கு வந்து இறங்கிய எந்த வெளியூர்க்காரரும் ரூட் பாயிடம் வழி கேட்காமல் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கேட்காவிட்டாலும் அவர் விடமாட்டார் என்பதுதான் உண்மை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சூட்கேஸ் கடை வைத்திருந்தார். மாடியில் எங்கள் ஆபீஸ். அவர் தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்வதை ஜன்னல் வழியாகப் பார்ப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு. துபாய் போகிறவர் பெட்டி விலை கேட்டால், "அது கெடக்கட்டும், சாப்ட்டீங்களா?" என்பார். இல்லை என்றவர் மாட்டினார். எந்தக் கடை, எந்த மேஜை, எந்த மாஸ்டர் பரோட்டாக் கல் முன்னால் நின்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்று எல்லாம் சொல்வார். கேட்டவர் பெட்டியை மறந்து நேராகச் சாப்பிடப் போய்விடுவார்.

ஒருமுறை திருநள்ளாறு போய்விட்டு வந்த கோயம்புத்தூர்க்காரர், நல்ல மீன் குழம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டார். பாய்க்கு வந்ததே கோபம்!

"சனீஸ்வரனக் கும்பிட்ட கையோட மீனா? இன்னிக்கு ஒங்களுக்கு சைவந்தான். நெடுங்காடு ரோட்டுல இட்லி இருக்கு, போங்க."

"எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் இல்லீங்க பாய். சம்சாரத்துக்காகத்தான் வந்தேன்."

"அப்ப சம்சாரத்துக்காக இட்லி சாப்புடுங்க."

மனிதர் முனகிக்கொண்டே இட்லிக்குப் போனார்.

ஆனால் பாயின் உயிர் இருந்தது தலத்தெரு பரோட்டா கடையில். அங்கே யாரையாவது அனுப்பினால், தன் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போய் நிற்பார். "பிச்சுப் போட்டு சால்னாவ ஊத்திட்டு சும்மா இருங்க. ஊறட்டும். பஸ்ஸா? அடுத்த பஸ் வரும். இந்த சால்னா வருமா?" அவர் பேச்சைக் கேட்டுப் பஸ்ஸை விட்டவர்கள் ஏராளம். திட்டிக்கொண்டே இன்னொரு பரோட்டா சொன்னவர்களும் உண்டு.

பாய் இப்போது ஷார்ஜாவில், மகன் வீட்டில். "சாப்பாட்டுக்கு ஒண்ணும் கொறையில்ல தம்பி. வழி கேக்கத்தான் ஆள் இல்ல. எல்லாம் போன்லயே பாத்துக்கிறாங்க" என்று புலம்புவார். நான் சென்னைக்கு வந்துவிட்டேன். இங்கே பரோட்டாவைப் பிய்க்கும்போது பின்னால் நின்று திட்ட யாரும் இல்லையே என்று இருக்கும்.

போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் செந்தில் முதன்முதலாகக் காரைக்கால் போனான். எங்கே சாப்பிடலாம் என்று கேட்டவனுக்குப் பாயின் நம்பரைக் கொடுத்தேன். தலத்தெருவுக்குப் போ, சாப்பிட்டுவிட்டு அங்கிருந்தே போன் பண்ணு என்று பாய் உத்தரவு போட்டுவிட்டார். மத்தியானம் செந்தில் எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, பரோட்டா கடையே இல்லண்ணே. அந்த எடத்துல செல்போன் கடை இருக்கு. பாய்கிட்ட என்னன்னு சொல்றது?"

பாய்க்கு ஷார்ஜாவில் மிச்சம் இருந்ததே அந்தக் கடையின் நினைப்புதான். "சாப்ட்டேன், பிரமாதம்னு சொல்லிடுப்பா" என்றேன்.

சாயங்காலம் பாயே கூப்பிட்டார்.

"ஒங்க செந்தில் தம்பி தங்கமான புள்ள. சால்னா அமிர்தம்னாரு."

"அப்படியா பாய்? சந்தோஷம்."

"பொய்தான் அவருக்குச் சொல்ல வரல. அந்தக் கடைய மூடிட்டாங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும். பாவம், பசியோட நின்னிருப்பாரு. பீச் ரோட்டுல மீன் சாப்பாட்டுக்கு அனுப்பி வச்சிட்டேன்."

"தெரிஞ்சுகிட்டே ஏன் பாய் அங்க போகச் சொன்னீங்க?"



"என்னால வந்து நிக்க முடியலல்ல தம்பி. நமக்காக யாராச்சும் செத்த நேரம் அங்க நின்னுட்டு வரட்டுமேன்னுதான்."



நாளைக்கு என் மச்சான் காரைக்கால் போகிறான். காரைக்காலிலேயே, தருமபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்குத் தெரியாத சாப்பாட்டுக் கடை அந்த ஊரில் கிடையாது. ஆனாலும் போய் இறங்கியதும் பாய்க்குப் போன் பண்ணி, எங்கே சாப்பிடலாம் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.